ஏலமலையில் எடுத்ததை வீட்டுக் கணினியில் தொகுப்பது

எடிட்டிங்கின் அடிப்படைகளைத் தனித்தனியாக அடுக்கிச் சொன்னால் மனத்தில் நிற்பதில்லை. ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொள்வோம். அதைத் தொகுத்து முடிப்பதற்குள் எது எது தேவைப்படுகிறதோ அதை அந்த இடத்திலேயே கற்றுக்கொள்வோம். நம் படம் இது: போடிநாயக்கனூரில் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களின் ஒரு நாள். செடியடியில் சரத்திலிருந்து காய் எடுப்பது, ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்துவது, போடிக்கு வந்ததும் சலித்துத் தரம் பிரிப்பது, கடைசியில் ஏல மையம். மொத்தம் மூன்று நிமிடம். எடுத்தது செல்போனில். தொகுக்கப் போவது பிள்ளைகள் படிப்புக்கென்று வாங்கிய சாதாரணக் கணினியில்.

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இதைப் பார்க்கப் போவது யார்? ஏலக்காய் வாங்கும் வியாபாரி என்றால் சல்லடை, காயின் பருமன், நிறம் ஆகியவைதான் படம். ஏலக்காயைப் பாயசத்தில் மட்டுமே கண்ட ஊர்களின் பள்ளிப் பிள்ளைகள் என்றால் செடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் வளரும் செடியில், காய் மட்டும் மண்ணை ஒட்டி, தரையில் படர்ந்த சரத்தில் காய்க்கிறது என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. காயெடுப்பவர்களின் வீட்டாருக்கு என்றால் முகங்கள் வேண்டும், யாரும் விடுபடக் கூடாது. எடுத்த காட்சிகள் அதேதான், படங்கள் மூன்று. எந்தப் படம் என்று தெரியாமல், காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் கிளிப்பை இழுத்துப் போடுகிறவர்கள்தான் வாரக்கணக்கில் உட்கார்ந்தும் முடிக்க முடியாமல் திணறுகிறார்கள். நாம் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொகுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் நகல்

போனில் இருப்பதைக் கணினிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள். அது படத்தை நசுக்கிவிடும். கேபிள் போட்டு, கோப்பை அப்படியே நகலெடுங்கள். இன்னொரு நகல் வெளி ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும். இரண்டு நகலையும் திறந்து பார்த்து, ஓடுகிறது என்று உறுதி செய்யும்வரை போனிலிருந்து ஒன்றையும் அழிக்க வேண்டாம். ஒரு காயெடுப்பு முடிந்தால் அடுத்தது வர முப்பது, நாற்பது நாள் ஆகும். விட்டுப்போன காட்சியை மறுநாள் போய் எடுத்துவிட முடியாது.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். வீடியோவின் அளவை பிட் ரேட் தீர்மானிக்கிறது. ஒரு விநாடிக்கு 17 மெகாபிட் என்றால், அறுபதால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். நிமிடத்துக்கு ஏறக்குறைய 128 எம்பி வருகிறது. ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏழரை ஜிபிக்குச் சற்று அதிகம். ஃபோர்கேயில் எடுத்து, பிட் ரேட் 50 மெகாபிட் என்றால் அதே ஒரு மணி நேரம் 22 ஜிபியைத் தாண்டும். சாதாரணக் கணினிக்கும் பள்ளிக்கூடத் திரைக்கும் 1920க்கு 1080 போதும் என்பது என் எண்ணம்.

இதே வீடியோவைச் சுருக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம், ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட். ஒரு ஃபிரேம் 6 எம்பிக்கு மேல். விநாடிக்கு 30 ஃபிரேம். நிமிடத்துக்கு 11 ஜிபி! போன் இதை 128 எம்பிக்குள் அடக்குவது எப்படி என்றால், முழு ஃபிரேமை எப்போதாவது ஒருமுறைதான் எழுதிவைக்கிறது. இடையில் வரும் ஃபிரேம்களில் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. எச்.264, எச்இவிசி என்று சொல்லப்படும் கோடெக்குகள் செய்யும் வேலை இதுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, உங்கள் கணினி ஏன் திக்குகிறது என்பது. நீங்கள் ஒரு ஃபிரேமில் போய் நின்றால், கணினி பின்னால் போய் முழு ஃபிரேமைத் தேடி, அங்கிருந்து மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டாவது, ஏலத்தோட்டம் ஏன் கோடெக்குக்குக் கடினமான இடம் என்பது. காற்றில் ஆயிரக்கணக்கான இலை ஒரே நேரத்தில் அசையும்போது எல்லாமே மாறிக்கொண்டிருக்கிறது; குறித்துவைக்க இடம் போதாமல் இலைகள் கட்டம் கட்டமாகக் குழம்பும். எக்ஸ்போர்ட் செய்யும்போது இதற்குத் திரும்ப வருவோம்.

மூலத்தை யாரும் வெட்டுவதில்லை

புதிதாகக் கற்பவர்கள் கடைசிவரை குழம்புவது இதில்தான். எடிட்டிங் மென்பொருளில் ஒரு கிளிப்பை வெட்டினால் டிஸ்கில் உள்ள வீடியோ வெட்டப்படுவதில்லை. ‘இந்தக் கோப்பின் பன்னிரண்டாவது விநாடியிலிருந்து பதினாறாவது விநாடிவரை காட்டு’ என்ற குறிப்பு மட்டுமே புராஜெக்ட் கோப்பில் பதிவாகிறது. அதனால்தான் மூன்று நிமிடப் படத்தின் புராஜெக்ட் கோப்பு சில எம்பிகூட இருப்பதில்லை. எவ்வளவு துணிந்து வெட்டினாலும் மூலம் அப்படியே இருக்கும். ஆனால் மூலக் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ பெயரை மாற்றினாலோ, மென்பொருள் அதைக் காணாமல் சிவப்புத் திரையைக் காட்டும். வேலை தொடங்குமுன் ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்திவிட்டுப் பிறகு தொடாமல் இருங்கள். மூலம், ஒலி, எழுத்துப் படங்கள், புராஜெக்ட், முடிந்த படம் என்று ஐந்து ஃபோல்டர் போதும்.

டேப்பிலிருந்து டேப்புக்கு மாற்றித் தொகுத்த காலத்தில் இந்த வசதி கிடையாது. நடுவில் ஒரு காட்சியை நீட்ட வேண்டும் என்றால் அதற்குப் பிறகு வருவதையெல்லாம் மறுபடி பதிவு செய்ய வேண்டும். 1989-ல் அவிட் என்ற கணினித் தொகுப்பு முறை வந்த பிறகுதான் தொழிலில் இது மாறியது. கமல்ஹாசன் நடித்து 1994-ல் வெளியான ‘மகாநதி’, இந்தியாவில் அவிட்டில் தொகுக்கப்பட்ட முதல் படம் என்று சொல்வார்கள். அன்று பெரிய ஸ்டுடியோவில் மட்டும் இருந்தது இன்று இலவசமாகவே கிடைக்கிறது. கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் சுதந்திர மென்பொருள்கள். எட்டு ஜிபி ரேம் உள்ள கணினியில் ஓடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு வண்ணத்துக்குச் சிறந்தது. ஆனால் பதினாறு ஜிபி ரேமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும். எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஒன்றைக் கற்றால் மற்றதில் பட்டன் இருக்கும் இடம்தான் வேறு.

கணினி திக்கினால் புதுக் கணினி வாங்க ஓடாதீர்கள். இந்த மென்பொருள்களில் புராக்ஸி என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு கிளிப்புக்கும் சிறிய, லேசான நகல் ஒன்றை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். அதை வைத்துத் தொகுக்கலாம். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் மூலத்துக்கே திரும்பிவிடும். பழைய கணினி வைத்திருப்பவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

மின்வெட்டுக்கும் தயாராக இருங்கள். மலையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது வழக்கம். தானாகச் சேமிக்கும் வசதியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிடுங்கள்.

ஃபிரேம் ரேட், குழல்விளக்கு

புராஜெக்ட் தொடங்கும்போது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்று கேட்கும். பெரும்பாலான காட்சி எதில் எடுக்கப்பட்டதோ அதையே கொடுங்கள். ரிசால்வ் போன்றவற்றில் டைம்லைனில் கிளிப் வைத்த பிறகு இதை மாற்ற முடியாது.

செல்போன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. 30 என்று சொல்லிவிட்டு, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி 29, 27 என்று கூட்டிக் குறைத்து எடுக்கும். நீண்ட பேட்டிகளில் உதட்டசைவும் குரலும் மெல்ல விலகிப்போக இதுவே காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘மாறா ஃபிரேம் ரேட்’ என்பதைத் தேர்ந்து மாற்றிக்கொண்டு தொகுத்தால் சரியாகிவிடும்.

ஸ்டோருக்குள்ளும் தரம் பிரிக்கும் கூடத்திலும் எடுத்தவற்றில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தால் அது போனின் கோளாறு அல்ல. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்குகிறது. ஷட்டர் விநாடியில் அறுபதில் ஒரு பங்கு என்றிருந்தால் இரண்டும் பொருந்தாது. போனில் கைமுறை அமைப்பு இருந்தால் ஷட்டரை ஐம்பதிலோ நூறிலோ ஒரு பங்காக வையுங்கள். எடுத்த பிறகு இதைச் சரிசெய்வது மிகவும் சிரமம்.

எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள்

அவசரப்படுகிறவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகிறார்கள். எடுத்த அனைத்தையும், ஆடிய காட்சி உட்பட, ஓடவிட்டுப் பாருங்கள். கையில் நோட்டு இருக்கட்டும். கிளிப் எண், என்ன இருக்கிறது, எந்த விநாடி நன்றாக இருக்கிறது என்று எழுதுங்கள். ஜீப்பில் இடம் பிடிக்கும்போது ஒருவர் சிரித்தது, சரத்தை விலக்கும் விரல், விளைந்த காயை மட்டும் பார்த்து எடுத்துப் பிஞ்சை விட்டுவைக்கும் பழக்கம், இவையெல்லாம் எடுக்கும்போது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. பார்க்கும்போதுதான் கிடைக்கும். முதல்முறை பார்க்கும்போது எது உங்களை நிமிர்ந்து உட்கார வைத்ததோ அதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். பத்தாவது முறை பார்க்கும்போது அந்த உணர்வு வராது, நட்சத்திரம்தான் நினைவுபடுத்தும்.

பிறகு ஒவ்வொரு நல்ல பகுதிக்கும் தொடக்கமும் முடிவும் குறியுங்கள். கீபோர்டில் ஐ விசை தொடக்கம், ஓ விசை முடிவு. பெரும்பாலான மென்பொருளில் இது பொது. குறித்தவற்றை வரிசையாக டைம்லைனில் வைத்தால் ஏழெட்டு நிமிடம் வரும். அது கச்சா வடிவம். பார்க்கச் சகிக்காது. அப்படித்தான் இருக்கும்.

வெட்டு

ஏழெட்டு நிமிடத்தை மூன்றாகக் குறைப்பதில்தான் படம் உருவாகிறது. ஒவ்வொரு கிளிப்பின் தலையிலும் வாலிலும் தேவையற்றதை நறுக்குவது டிரிம். நறுக்கிய இடைவெளியைப் பின்னால் உள்ளவை தாமே வந்து மூடிக்கொண்டால் அது ரிப்பிள். இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த இடத்தில் வெட்டுவது? அசைவின் நடுவில். காயெடுப்பவர் குந்தி உட்கார்ந்து சரத்தை நோக்கிக் கையை நீட்டுகிறார், தூரக் காட்சி. கை பாதி வழியில் இருக்கும்போது வெட்டி, விரல் காயைத் தொடும் அண்மைக் காட்சிக்குப் போங்கள். கண் அசைவைத் தொடர்ந்துகொண்டிருப்பதால் வெட்டு தெரியாது. கை நின்ற பிறகு வெட்டினால் தடுக்கி விழுந்தது போல் தெரியும். இதற்கு ஒரே வேலையை இரண்டு முறை, தள்ளியும் நெருங்கியும் எடுத்திருக்க வேண்டும். காயெடுப்பில் அதே அசைவு நாள் முழுக்க நடக்கிறது; யாரையும் மறுபடி செய்யச் சொல்ல வேண்டியதில்லை, இடம் மாறி நின்று எடுத்தால் போதும்.

போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். எடிட்டருக்கு இந்தப் பாதை ஒரு நல்ல பாடம். ஒரு வளைவுக்கு முன் ஜீப் திரையில் இடமிருந்து வலமாகப் போகும். வளைவு தாண்டியதும் வலமிருந்து இடமாகப் போகும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பார்ப்பவர்களுக்கு ஜீப் திரும்பி வீட்டுக்கு வருவதாகவே தோன்றும். திசை மாறுவதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ஜீப் வளைவில் திரும்புவதை ஒரே ஷாட்டில் முழுதாகக் காட்டுங்கள். அது இல்லையென்றால், ஜீப்புக்கு உள்ளிருந்து சாலையை நேராகப் பார்க்கும் ஷாட் ஒன்றை இடையில் வையுங்கள். அதற்கு இடமும் இல்லை வலமும் இல்லை. அடுத்த ஷாட் எந்தத் திசையில் போனாலும் மனம் ஏற்றுக்கொள்ளும். இரண்டு பேர் பேசும் காட்சியிலும் இதே விதிதான். இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக எண்ணி, அதன் ஒரே பக்கத்தில் எடுத்த ஷாட்களைச் சேர்த்தால் ஒருவரை ஒருவர் பார்ப்பதாகத் தெரியும்.

ஷாட் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் இல்லை. இந்த மலையைப் பற்றியே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. லெனின் பாரதி இயக்கி 2018-ல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் நிலமற்ற தொழிலாளி ஒருவரின் கதை. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர், படத்தொகுப்பு மு. காசிவிஸ்வநாதன். ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு, மலையேறும் காட்சிகளை மட்டும் பாருங்கள். வெட்டு விழும் ஒவ்வொரு முறையும் மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள். நடையின் களைப்பு நமக்குத் தெரிய வேண்டும் என்றால் ஷாட் எவ்வளவு பொறுத்து நிற்க வேண்டும் என்பது எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இதில் நன்றாக விளங்கும். நம் மூன்று நிமிடத்தில் அவ்வளவு நீளம் கட்டாது. ஆனாலும் ஒரு ஷாட்டையாவது, காயெடுப்பவரின் கை வேகத்தைக் காட்டும் ஒன்றை, பத்து விநாடி வெட்டாமல் விடுங்கள். அந்த வேகம் எடிட்டிங்கில் வந்தது அல்ல, அவர் கையில் இருப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

டிரான்சிஷன் பட்டியலைத் திறந்தால் புரள்வது, சுழல்வது, இதயமாக விரிவது என்று நூறு இருக்கும். ஒன்றும் வேண்டாம். நேரடி வெட்டு போதும். காலம் கடந்ததைக் காட்ட மட்டும், ஒரு காட்சி மங்க அடுத்தது தெளிந்து வரும் டிசால்வ் போடலாம். பச்சைக்காய் ஸ்டோருக்குள் போய் உலர்ந்து வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ அளவுக்கு வரும். உள்ளே போகும் தட்டு, வெளியே வரும் தட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு விநாடி டிசால்வ். படத்தில் அது ஒன்றே இருந்தால்தான் அதற்கு அர்த்தம் இருக்கும்.

வெட்டு பொய்யும் சொல்லும். ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ் நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த சோதனை திரைப்படப் பள்ளிகளில் இன்றும் சொல்லப்படுகிறது. ஒரு நடிகரின் சலனமற்ற முகத்துக்குப் பக்கத்தில் சூப்புக் கிண்ணத்தை வைத்தால் பார்ப்பவர்களுக்கு அவர் பசியோடு தெரிந்தார்; சவப்பெட்டியை வைத்தால் துக்கத்தோடு தெரிந்தார். முகம் அதேதான். இப்போது நம் காட்சிகளைப் பாருங்கள். களைத்துப்போய் ஜீப்பில் சாய்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முகம். அடுத்து, ஏல மையத்துத் திரையில் கிலோ விலை. இரண்டையும் சேர்த்தவுடன் நீங்கள் ஒரு குற்றச்சாட்டைச் சொல்லிவிட்டீர்கள். அது உங்கள் கருத்து என்றால், கூலி எவ்வளவு, விலை எவ்வளவு என்று விசாரித்து, தெரிந்தே வையுங்கள். தற்செயலாக நேர்ந்துவிடக் கூடாது. பேட்டியிலும் அப்படியே. ஒருவர் சொன்ன இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் உள்ளதை எடுத்துவிட்டு ஒட்டினால் அவர் சொல்லாததைச் சொன்னதாக ஆகலாம். நேரத்துக்காகச் சுருக்கலாம், பொருள் மாறக் கூடாது. ஒட்டிய இடத்தில் முகம் குதிப்பதை மறைக்க மேலே கை வேலையின் காட்சியைப் போடுவார்கள். அந்த வசதியே ஏமாற்றவும் உதவும் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒலி

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள். பேச்சு விளங்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். முதலில் பேச்சின் அளவைச் சரிசெய்யுங்கள். மீட்டரில் பேச்சின் உச்சி மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் ஆடட்டும். பூச்சியத்தைத் தொட்டால் ஒலி கிழிந்துவிடும். எடுக்கும்போதே கிழிந்ததை ஒட்ட வழியில்லை. ஜீப் இரைச்சல், காற்று போன்ற தாழ்ந்த சத்தங்களை ஹை பாஸ் ஃபில்டரை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வைத்துக் குறைக்கலாம்.

படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஜீப்புக்குள் இருக்கும் காட்சி முடியும் முன்னரே தோட்டத்துச் சில்வண்டின் ஓசை கேட்கத் தொடங்கி, அதன் பிறகு தோட்டம் திரையில் வரட்டும். இது ஜே கட். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் அவர் கைக்கு மாறி, குரல் தொடர்ந்தால் எல் கட். இந்த இரண்டையும் கற்றுக்கொண்ட நாளிலிருந்து உங்கள் படம் வழுக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஓசையை மட்டும் பதிவு செய்து வைத்திருந்தால், வெட்டிய இடங்களில் விழும் ஓசைப் பள்ளங்களை அதைக் கொண்டு நிரப்பலாம். சலித்த காய் தகரத்தில் விழும் சலசலப்பு எந்தப் பின்னணி இசையைவிடவும் இந்தப் படத்துக்குப் பொருந்தும்.

இசை என்றதும் இளையராஜா நினைவுக்கு வருவார். அவர் பிறந்த பண்ணைப்புரம் இதே தேனி மாவட்டம். நம் மலைக்கு அவர் பாட்டைப் போட ஆசை வருவது இயல்பு. ஆனால் அனுமதி இல்லாமல் போடக் கூடாது. ‘முப்பது விநாடிக்குள் போட்டால் பரவாயில்லை’ என்று பலர் நம்புகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு கிடையாது. யூடியூப் தானாகவே பாட்டைக் கண்டுபிடித்து ஒலியை நிறுத்தலாம் அல்லது படத்தையே முடக்கலாம். யூடியூபின் ஒலி நூலகத்தில் இலவச இசை இருக்கிறது. ஊரில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரைக் கேட்டு, பெயர் போட்டு நன்றி சொல்லிப் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

பச்சை நிறம்

இந்தப் படத்தில் மிகக் கவனமாகச் செய்ய வேண்டியது வண்ணம். நிழல் மரங்களின் அடியில் எடுத்த காட்சிகளில் இலைகளில் பட்டுத் தெறிக்கும் ஒளி பச்சையாக இருக்கும். மனித முகங்களும் பச்சைச் சாயலோடு, நோயாளி போல் தெரியும். ஸ்டோருக்குள் மஞ்சள் விளக்கென்றால் காய் பழுப்பாகும். ஒரே நாளில் எடுத்தவை ஆறு ஊரில் எடுத்தவை போல் இருக்கும். இதைச் சமன் செய்வது ஒயிட் பேலன்ஸ். ஒவ்வொரு இடத்திலும் தொடங்கும்போது ஒரு வெள்ளைத் துண்டை அதே வெளிச்சத்தில் இரண்டு விநாடி எடுத்துவைத்தால், மென்பொருளில் சொட்டுக் கருவியால் அந்தத் துண்டைத் தொட்டு ‘இதுதான் வெள்ளை’ என்று காட்டிவிடலாம். பிறகு அந்தத் திருத்தத்தை அந்த இடத்தில் எடுத்த எல்லாக் கிளிப்புக்கும் நகலெடுத்து ஒட்டுங்கள்.

முதலில் வெளிச்சம், பிறகு வெள்ளை, அதன் பிறகே நிறத்தின் அடர்த்தி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கண்ணை மட்டும் நம்பாமல் வெக்டர்ஸ்கோப்பைத் திறந்து பாருங்கள்; அதில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு. மாநிறமோ கருப்போ சிவப்போ, மனிதத் தோல் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். முகங்கள் அங்கே வந்துவிட்டால் காயின் பச்சையும் அநேகமாகத் தன் இடத்துக்கு வந்திருக்கும்.

இங்கே நிறுத்திவிடுங்கள். காயின் விலையைப் பருமனும் பச்சையும் தீர்மானிக்கின்றன. ஏல மையத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் கணினியில் விலை கேட்கிறார்கள். நிறத்தின் அடர்த்தியை, அதாவது சாச்சுரேஷனை, கூட்டிக் காயைப் பளபளவென்று காட்டுவது ஒரு நொடி வேலை. வியாபாரத்துக்கான வீடியோவில் அப்படிச் செய்தால், சரக்கு வந்து சேர்ந்ததும் வாங்கியவருக்குத் தெரிந்துவிடும். அந்த ஸ்டோர்க்காரரின் பெயர்தான் கெடும். பள்ளிப் பிள்ளைகளுக்கான படத்திலும் வேண்டாம். ஏலக்காயின் உண்மையான பச்சை கொஞ்சம் அடங்கிய பச்சைதான்.

தமிழ் எழுத்து

திரையில் ‘பெரியவர்’ என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு தனியாக விலகி நிற்கிறதா? மென்பொருள் தமிழின் கொம்புகளையும் கால்களையும் சேர்க்கத் தெரியாமல் தவிக்கிறது என்று பொருள். அடோபி பிரீமியரில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு உரியதாக மாற்றினால் சரியாகும். மற்றவற்றில் சரியாகவில்லை என்றால், லிப்ரே ஆஃபிஸிலோ இங்க்ஸ்கேப்பிலோ எழுத்தை அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, டைம்லைனில் மேல் டிராக்கில் வையுங்கள். எந்த மென்பொருளிலும் இது வேலை செய்யும். வசன வரிகளை எஸ்ஆர்டி கோப்பாக எழுதினால் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமியுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் கேள்விக்குறிகளாக வரும். எழுத்துகள் பெரிதாக, விளிம்பிலிருந்து தள்ளி, இரண்டு முறை படிக்கும் நேரம் நிற்கட்டும்.

வீட்டில் பழைய கேசட் இருந்தால்

மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் வந்த மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியோடு நின்றுபோனது. அகலப்பாதையில் ரயில் மறுபடி போடிக்கு வந்தது 2023 ஜூன் 15-ல்தான். அந்தச் சின்ன ரயில் எந்தக் குடும்பத்தின் கல்யாணக் கேசட்டிலாவது ஓடிக்கொண்டிருக்கலாம். விஎச்எஸ் பிளேயரையும் யூஎஸ்பி கேப்சர் கருவியையும் இணைத்துக் கணினிக்கு மாற்றலாம். 720க்கு 576, விநாடிக்கு 25 ஃபிரேம் என்று பதிவு செய்யுங்கள். ஓடும் ரயிலின் விளிம்பு சீப்புப் பல் போலத் தெரிந்தால் டீஇன்டர்லேஸ் வசதியைப் போடுங்கள். பழைய வீடியோ ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு முறையாக எடுத்ததன் விளைவு அது. டேப்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். டேப்பும் போகும், பிளேயரும் போகும். தெரிந்தவர்களிடம் கொடுத்துத் துடைத்த பிறகு ஓட்டுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். நல்ல பிளேயர் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறது.

வெளியே எடுப்பது

எக்ஸ்போர்ட்டில் எம்பி4, எச்.264, புராஜெக்ட்டின் அதே ஃபிரேம் ரேட், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். 1080 அளவுக்கு விநாடிக்கு 8 மெகாபிட் என்பது யூடியூபின் பரிந்துரை. மூன்று நிமிடத்துக்கு 180 எம்பி. நம் படத்தில் காற்றில் ஆடும் இலைகள் நிறைய இருப்பதால் 12 கொடுங்கள், 270 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் நசுங்காது.

எக்ஸ்போர்ட் ஆனதும் அதைப் போனில் ஒருமுறை, டிவியில் ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை ஓடவிடுங்கள். மூன்றாவதில்தான் ஒலியின் குறைகள் பிடிபடும்.

யூடியூபில் ஏற்றுமுன் படத்தில் இருப்பவர்களிடம் காட்டுங்கள். மாலையில் ஜீப் இறங்கும் இடத்துக்குப் போனால் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். தன் முகம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துவிடுங்கள். வேலையின் வரிசை எங்காவது முன்பின்னாக இருந்தால் உங்களுக்குத் தெரியாது, அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். புராஜெக்ட் கோப்பும் மூலமும் கையில் இருப்பதால் அந்தத் திருத்தம் பத்து நிமிட வேலைதான். செய்துவிட்டு ஏற்றுங்கள்.